பிரிமோ அமோரே (2004 திரைப்படம்)

இக்கட்டுரை மத்தேயோ கர்ரோனே இயக்கிய 2004 ஆம் ஆண்டுத் திரைப்படம் பற்றியது. இதே பெயரில் தினோ ரிசி இயக்கி 1978 இல் வெளிவந்த திரைப்படம் வேறானது.

பிரிமோ அமோரே 2004 ஆம் ஆண்டு வெளிவந்த இத்தாலிய மொழித் திரைப்படமாகும். இத்தாலிய மொழியில் இப்பெயருக்கு "முதல் காதல்" என்று பொருள். தான் காதலிக்கும் பெண்ணின் உடலைத் தன் மனத்திலுள்ள மெலிந்த வடிவத்துக்கு மாற்ற முனையும் ஒரு பொற்கொல்லனையும், அவன் விருப்பத்துக்காகத் தன்னைப் பட்டினிக்கு உட்படுத்திக்கொள்ளும் பெண்ணையும் மையமாகக் கொண்டது இதன் கதை. இத்தாலியில் நிகழ்ந்த ஓர் உண்மைச் சம்பவத்துடன் தொடர்புடைய நூலொன்றைத் தழுவி, பல மாற்றங்களுடன் இத்திரைப்படம் உருவாக்கப்பட்டது. 2004 பெப்ரவரியில் நடைபெற்ற 54 ஆவது பெர்லின் அனைத்துலகத் திரைப்பட விழாவில் போட்டிப் பிரிவில் திரையிடப்பட்டு, சிறந்த திரையிசைக்கான வெள்ளிக் கரடி விருதைப் பெற்றது.

படத்தின் விவரம்

இயக்கம்: மத்தேயோ கர்ரோனே
தயாரிப்பு: தொமேனிக்கோ புரொக்காச்சி (ஃபாண்டாங்கோ நிறுவனம்)
திரைக்கதை: மத்தேயோ கர்ரோனே, மாஸ்ஸிமோ கவுதியோசோ, வித்தாலியானோ திரெவிசான்
நடிப்பு: வித்தாலியானோ திரெவிசான் (வித்தோரியோ), மிக்கேலா செஸ்கோன் (சோனியா)
ஒளிப்பதிவு: மார்கோ ஒனொராத்தோ
படத்தொகுப்பு: மார்கோ ஸ்பொலெத்தீனி
இசை: பாண்டா ஒசிரிஸ்
மொழி: இத்தாலியம்
வகை: நாடகப்படம்

கதை

(எச்சரிக்கை: கதையின் முடிவு இப்பகுதியில் கூறப்பட்டுள்ளது.)

வட இத்தாலியின் விச்சென்சா நகரில் வித்தோரியோ என்பவன் சிறிய பொற்பட்டறை ஒன்றை நடத்தி வருகின்றான். தனக்கேற்ற துணையைத் தேடி விளம்பரங்கள் மூலம் பெண்களைச் சந்திப்பது அவன் வழக்கம். அவ்வாறு அவன் சந்திக்கும் பெண்களுள் ஒருத்தி சோனியா. அவள் கடையொன்றில் பணிபுரிவதுடன், ஓவியம் பயில்வோருக்கு உருமாதிரியாகவும் அமர்கின்றாள். தன் உடலைப் பற்றி அவளுக்குக் கூச்சமோ குறையோ கிடையாது. முதல் சந்திப்பின் முதல் நிமிடங்களிலேயே, அவள் இன்னும் மெலிந்தவளாக இருப்பாள் என எதிர்பார்த்ததாக அவன் கூறிவிடுகின்றான். அவள் எடை 57 கிலோகிராம். சாதாரண நிலையில் அங்கேயே முடிந்திருக்க வேண்டிய அறிமுகம் முடியாமல் தொடர்கின்றது. அவனுடைய வெளிப்படைத்தன்மை, தயக்கம், தனிமை ஆகியன அவளை ஈர்க்கின்றன.

இருவரும் நெருங்கியபின் நகரத்தை விட்டு விலகி, குன்றுப் பகுதியிலுள்ள தனித்த வீடொன்றுக்குக் குடிபெயர்கின்றனர். வித்தோரியோவின் விருப்பம் முதலில் கேலியாகவும், பின்பு வேண்டுகோளாகவும், அதன்பின் விதியாகவும் மாறுகின்றது. அவள் 40 கிலோகிராமை அடைய வேண்டும் என்பது அவன் நோக்கம். எடை பார்ப்பது அன்றாடச் சடங்காகின்றது. என்ன உண்கின்றாள், எவ்வளவு உண்கின்றாள் என்பன கண்காணிக்கப்படுகின்றன. சோனியா நண்பர்களிடமிருந்தும் வேலையிலிருந்தும் படிப்படியாக விலகுகின்றாள். மறுபுறம், வித்தோரியோ தன் தொழிலைக் கவனிக்காமல் விடுவதால் தந்தைவழி வந்த பட்டறை சீரழிகின்றது.

பசியும் களைப்பும் சோனியாவின் மனநிலையை மாற்றுகின்றன. உணவகம் ஒன்றில் அவள் கட்டுப்பாட்டை இழந்து சமையலறைக்குள் புகுந்து கிடைத்ததை அள்ளி உண்ணும் காட்சி, படத்தில் அதிகம் பேசப்பட்ட பகுதிகளுள் ஒன்று. வீட்டின் தனிமைக்குள் இருவருக்கும் இடையிலான மோதல் முற்றுகின்றது. சிறையாகிவிட்ட உறவை உடைத்துக்கொண்டு சோனியா அவனுக்கு எதிராக எழும் வன்முறையுடன் கதை முடிவுக்கு வருகின்றது.

உண்மைச் சம்பவமும் நூலும்

இத்திரைப்படத்துக்கு அடிப்படையாக அமைந்தது மார்கோ மாரியோலினி என்பவர் எழுதி 1997 இல் வெளியான "இல் கச்சாத்தோரே தி அனொரெசிக்கே" என்னும் தன்வரலாற்று நூல். இத்தலைப்பை "உணவு மறுப்பு நோயுற்ற பெண்களை வேட்டையாடுபவன்" எனப் பெயர்க்கலாம். மிகவும் மெலிந்த பெண்கள் மீது தமக்கிருந்த அடக்கவியலாத ஈர்ப்பையும், தம்முடன் வாழ்ந்த பெண்களைப் பட்டினி கிடக்கத் தூண்டியதையும் அவர் இந்நூலில் தாமே விவரித்துள்ளார்.

நூல் வெளியான மறு ஆண்டில், அதாவது 1998 சூலையில், தம்மை விட்டுப் பிரிந்து சென்ற முன்னாள் காதலியை மாஜோரே ஏரிக்கரையிலுள்ள வெர்பானியா நகரில் மாரியோலினி கத்தியால் குத்திக் கொன்றார். இக்குற்றத்துக்காக அவருக்கு நீண்டகாலச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஆசிரியர் தம்மால் விளையக்கூடிய ஆபத்தை வெளிப்படையாக எழுதி அச்சிட்டிருந்தும் கொலை தடுக்கப்படவில்லை என்பது இச்சம்பவத்தின் கொடிய கூறாகும்.

திரைப்படம் இந்நூலை அப்படியே பின்பற்றவில்லை. பெயர்கள், ஊர், தொழில், முடிவு ஆகிய அனைத்தும் மாற்றப்பட்டுள்ளன. இம்மாற்றங்களுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை.

முதலாவது, தொழில். மாரியோலினி பழம்பொருள் வணிகர். படத்தின் நாயகனோ பொற்கொல்லன். பொருளைச் சேகரிப்பவன் என்னும் நிலையிலிருந்து பொருளை உருக்கி வடிப்பவன் என்னும் நிலைக்குப் பாத்திரம் மாற்றப்பட்டுள்ளது.

இரண்டாவது, முடிவு. உண்மைச் சம்பவத்தில் பெண் கொல்லப்பட்டாள். படத்தில் பெண் எதிர்த்து எழுகின்றாள். நூல் குற்றவாளியின் குரலில் மட்டும் அமைந்தது. அதில் பெண்கள் அவர் விவரிக்கும் அளவுக்கே தோன்றுவர். திரைப்படத்தில் சோனியா தனக்கென வேலையும் நகைச்சுவை உணர்வும் தயக்கங்களும் கொண்ட முழுமையான பாத்திரமாக வருகின்றாள். கொலையாளி எழுதிய நூலைப் படமாக்கும்போது எழும் அறச்சிக்கலை இயக்குநர் இவ்வாறு எதிர்கொண்டுள்ளார் எனக் கொள்ளலாம்.

களம்: விச்சென்சாவும் பொன்னும்

விச்சென்சா இத்தாலியின் வடகிழக்கில் வெனெத்தோ மண்டலத்தில் அமைந்த நகரம். 16 ஆம் நூற்றாண்டுக் கட்டடக் கலைஞரான அந்திரேயா பல்லாதியோவின் கட்டடங்களுக்காக 1994 இல் யுனெசுக்கோவின் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது. அதே நகரம், அரெத்சோ, வலென்சா ஆகியவற்றுடன் சேர்த்து இத்தாலியின் மூன்று முதன்மையான பொன் தொழில் மையங்களுள் ஒன்றாகவும் விளங்குகின்றது. இங்குப் பொற்கொல்லர்கள் இடைக்காலத்திலேயே தமக்கெனத் தொழிற்குழு அமைத்திருந்தனர். 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பொன் நகைக் கண்காட்சியும் இங்கு நடத்தப்பட்டு வருகின்றது.

இத்தொழிலின் பெரும்பகுதி நீண்ட காலமாகச் சிறு குடும்பப் பட்டறைகளிலேயே நடைபெற்று வந்தது. படத்தில் காட்டப்படும் பட்டறையும் அத்தகையதே. சில பணியாளர்கள், உலை, மூசை, உருட்டும் பொறி, அரம் ஆகியவற்றைக் கொண்ட சிற்றிடம் அது.

படத்தின் உட்பொருளைப் புரிந்துகொள்ளப் பொற்பட்டறையின் சில நடைமுறைகளை அறிந்திருத்தல் பயனுள்ளது. தூய பொன் 1064 பாகை செல்சியசு வெப்பநிலையில் உருகும். தூய பொன் மென்மையானது. எனவே செம்பு, வெள்ளி போன்றவை கலக்கப்பட்டே நகை செய்யப்படுகின்றது. இத்தாலியில் பெரும்பாலும் கையாளப்படுவது ஆயிரத்துக்கு 750 பங்கு பொன் கொண்ட, அதாவது 18 காரட், கலவை ஆகும். அராவும்போதும் மெருகிடும்போதும் சிதறும் பொன் துகள்கள் எதுவும் வீணாக விடப்படுவதில்லை. பட்டறையின் தரையைப் பெருக்கிய தூசு, துடைத்த துணி, கை கழுவிய நீரின் வண்டல் ஆகியவற்றையும் சேர்த்து வைத்து எரித்து, சாம்பலிலிருந்து பொன்னை மீட்டெடுப்பர்.

இச்செயல்முறையே படத்தின் நடு உருவகம். எரித்தால் வேண்டாதவை அழிந்து வேண்டியது மட்டும் எஞ்சும் என்னும் தொழில் அறிவை வித்தோரியோ மனித உடல் மீது பொருத்துகின்றான். சோனியாவிடம் "மிகையாக" உள்ளதை நீக்கிவிட்டால் தான் தேடும் வடிவம் வெளிப்படும் என நம்புகின்றான். ஆனால் பொன்னுக்கும் உடலுக்கும் உள்ள வேறுபாடு அடிப்படையானது. பொன் நெருப்பில் தன் இயல்பை இழப்பதில்லை. பட்டினி கிடக்கும் உடலோ கொழுப்பை மட்டுமன்றித் தசையையும், இதயத் தசையையும்கூட எரிக்கத் தொடங்கும். இவ்வேறுபாட்டை அவன் காண மறுப்பதிலிருந்தே கதையின் அழிவு தொடங்குகின்றது.

நடிகர்கள்

வித்தாலியானோ திரெவிசான் (1960–2022) தொழில்முறை நடிகர் அல்லர், எழுத்தாளர். விச்சென்சா மாகாணத்தைச் சேர்ந்த சான்றிகோவில் பிறந்தவர். அப்பகுதியின் தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் நிறைந்த நிலப்பரப்பே அவரது புனைவுகளின் களம். 2002 இல் வெளியான "இ குயிந்திசிமீலா பாஸ்ஸி" (பதினைந்தாயிரம் அடிகள்) என்னும் புதினம் அவருக்குப் பெயர் பெற்றுத் தந்தது. இத்திரைப்படத்தில் முதன்மைப் பாத்திரத்தில் நடித்ததுடன் திரைக்கதையிலும் பங்கேற்றார். உரத்துப் பேசாத, உணர்ச்சியை முகத்தில் காட்டாத அவரது நடிப்பு வித்தோரியோவை வழக்கமான திரைப்பட வில்லனாகத் தோன்றவிடவில்லை. தாம் பார்த்த பல்வேறு தொழில்களைப் பற்றி அவர் எழுதிய "வொர்க்ஸ்" என்னும் நூல் 2016 இல் வெளியானது. 2022 சனவரியில் காலமானார்.

மிக்கேலா செஸ்கோன் 1971 இல் திரெவீசோவில் பிறந்தவர். தூரின் நகரில் இயக்குநர் லூக்கா ரொன்கோனியின் நாடகப் பள்ளியில் பயின்று மேடை நாடகங்களில் நடித்து வந்தவர். திரைப்படத்தில் அவர் முதன்மைப் பாத்திரம் ஏற்றது இதுவே முதல் முறை. படப்பிடிப்புக் காலத்தில் சோனியாவின் மாற்றத்துக்கு ஏற்பத் தாமும் உடல் எடையைக் கணிசமாகக் குறைத்தார். ஆகவே திரையில் தெரியும் மெலிவு ஒப்பனையால் ஆனதன்று. பிற்காலத்தில் மார்கோ பெல்லோக்கியோவின் "வின்செரே" (2009) முதலிய படங்களில் நடித்தார். மார்கோ துல்லியோ சோர்தானாவின் "ரொமான்சோ தி உனா ஸ்த்ராஜே" (2012) படத்துக்காகச் சிறந்த துணை நடிகைக்கான தாவீத் தி தொனத்தெல்லோ விருதைப் பெற்றார்.

உடலை மாற்றிக்கொண்டு நடிப்பது 2004 ஆம் ஆண்டில் பரவலாகப் பேசப்பட்ட செய்தியாக இருந்தது. அதே பெர்லின் விழாவில் சிறந்த நடிகைக்கான வெள்ளிக் கரடியைப் பகிர்ந்துகொண்ட சார்லீசு தெரோன், "மான்ஸ்டர்" படத்துக்காக எடையைக் கூட்டியிருந்தார். அதே ஆண்டில் வெளியான "தி மெசினிஸ்ட்" படத்துக்காகக் கிறித்தியன் பேல் ஏறத்தாழ 28 கிலோகிராம் குறைத்திருந்தார். இவற்றோடு ஒப்பிடும்போது பிரிமோ அமோரேயில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. ஓர் ஆண் கேட்டுக்கொண்டதற்காக ஒரு பெண் மெலிவதை விமர்சிக்கும் படத்துக்காக, நடிகையும் மெலிய வேண்டியிருந்தது. காட்சிக்காக உடலை வருத்துதல் எந்த அளவுக்கு ஏற்கத்தக்கது என்னும் கேள்வியைப் படம் தன் உருவாக்கத்திலேயே கொண்டுள்ளது.

இயக்கமும் காட்சியமைப்பும்

மத்தேயோ கர்ரோனே 1968 இல் உரோமையில் பிறந்தவர். திரைப்படத்துக்கு வருமுன் ஓவியம் வரைந்தவர். கேமராவைத் தாமே இயக்குவதும், நடிகர்கள் பாத்திரத்துடன் சேர்ந்து மாறும் வகையில் இயன்றவரை கதையின் வரிசைப்படியே படமாக்குவதும் அவரது வழக்கங்கள்.

இப்படத்தில் ஒளிப்பதிவு பெரும்பாலும் மங்கிய, மஞ்சளும் பழுப்பும் கலந்த வண்ணங்களில் அமைந்துள்ளது. உருவங்கள் பல இடங்களில் குவியம் விலகித் தெளிவின்றித் தோன்றுகின்றன. சோனியாவின் உடல் காட்டப்படும் காட்சிகள் கவர்ச்சியைத் தூண்டும் நோக்கில் அமைக்கப்படவில்லை. ஓவிய மாதிரியாக அமர்ந்திருக்கும்போது பலர் பார்த்தும் இயல்பாக இருந்த உடல், ஒருவன் பார்வைக்கு மட்டும் உரியதான பின் கூனிக் குறுகுவதைப் பார்வையாளர் உணர முடிகின்றது.

உணவு மறுப்பைப் பற்றிய படங்களில் பொதுவாக இடம்பெறும் மருத்துவமனை, சிகிச்சை, குடும்பக் கண்ணீர் முதலியவற்றில் படம் கவனம் செலுத்தவில்லை. எண்கள், தட்டுகள், கதவுகள், மாடிப்படிகள் போன்ற அன்றாடப் பொருள்களே அச்சத்தைத் தோற்றுவிக்கின்றன.

இசை

இசையமைத்த பாண்டா ஒசிரிஸ் 1980 இல் வெர்செல்லி நகரில் தோன்றிய இசைக்குழு. இசையையும் நகைச்சுவை நாடகத்தையும் இணைத்து மேடையில் நிகழ்த்துவதற்காகவே இக்குழு பெரிதும் அறியப்பட்டது. கர்ரோனேயின் முந்தைய படமான "லிம்பால்சமத்தோரே" (2002) படத்துக்கும் இசை வழங்கியிருந்தது. நகைச்சுவைக் குழுவிடமிருந்து இத்தகைய இருண்ட கதைக்கான இசை வந்தது பலருக்கு வியப்பளித்தது. மெல்லிய, காதற்படங்களுக்குரிய இனிய மெட்டுகள் கொடுமையான காட்சிகளுடன் இணைந்து ஒலிப்பதால், காதலும் வன்முறையும் பிரித்தறிய இயலாதவாறு கலந்துள்ள நிலையை இசையே உணர்த்துகின்றது.

மருத்துவ நோக்கில்

படத்தில் கூறப்படும் இரு எண்களும் மருத்துவ நோக்கில் பொருள் உடையன. 57 கிலோகிராமிலிருந்து 40 கிலோகிராமுக்கு இறங்குவது என்பது 17 கிலோகிராம் இழப்பு, அதாவது உடல் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு.

உடல் நிறைச் சுட்டெண் என்பது கிலோகிராமில் உள்ள எடையை, மீற்றரில் உள்ள உயரத்தின் இருமடியால் வகுத்துப் பெறப்படுவது. எடுத்துக்காட்டாக, 165 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒருவரின் எடை 57 கிலோகிராம் எனில் சுட்டெண் ஏறத்தாழ 20.9 ஆகும். இது இயல்பான அளவு. அதே உயரத்தில் 40 கிலோகிராம் எனில் சுட்டெண் 14.7. உலக சுகாதார அமைப்பு 18.5 க்குக் குறைந்த சுட்டெண்ணை எடைக்குறைவு என வகைப்படுத்துகின்றது. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் 2013 ஆம் ஆண்டுக் கையேடு, அனொரெக்சியா நெர்வோசா எனப்படும் உணவு மறுப்பு நோயில் 15 க்குக் குறைந்த சுட்டெண்ணை மிகக் கடுமையான நிலையாகக் கொள்கின்றது. ஆகவே வித்தோரியோ குறிப்பிடும் இலக்கு அழகைப் பற்றிய ஒரு கருத்து என்பதையும் கடந்து உயிருக்கே ஆபத்தான எல்லையைச் சேர்ந்தது.

பட்டினி மனத்தை எவ்வாறு மாற்றும் என்பது பற்றிய முதன்மையான ஆய்வு, ஆன்செல் கீசு தலைமையில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944–45 இல் நடைபெற்றது. போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் இதில் தன்னார்வத்துடன் பங்கேற்றனர். 24 வாரங்கள் அரைப்பட்டினியில் இருந்த அவர்கள் தம் எடையில் ஏறத்தாழ கால்பங்கை இழந்தனர். நலமான உடலும் மனமும் கொண்டிருந்த அவர்களிடம் சோர்வு, எரிச்சல், மனச்சோர்வு, பிறரிடமிருந்து விலகல், எந்நேரமும் உணவைப் பற்றியே எண்ணுதல் ஆகியன தோன்றின. சிலர் சமையல் நூல்களைச் சேகரிக்கத் தொடங்கினர். கட்டுப்பாடு நீங்கியபின் அளவின்றி உண்டவர்களும் இருந்தனர். உணவகக் காட்சியில் சோனியா நடந்துகொள்ளும் விதத்தை மனவுறுதிக் குறைவாகக் கருதுவது தவறு என்பதை இவ்வாய்வு தெளிவாக்குகின்றது. அது பட்டினியுற்ற உடலின் இயல்பான எதிர்வினை.

நெடுநாள் பட்டினிக்குப் பின் திடீரென மிகுதியாக உண்பதும் ஆபத்தானது. அப்போது குருதியில் பொசுபேற்று முதலியவற்றின் அளவு விரைந்து குறைந்து இதயமும் மூச்சும் பாதிக்கப்படலாம். எனவே கடுமையாக மெலிந்தோர் மருத்துவர் மேற்பார்வையிலேயே மீண்டும் உணவூட்டப்படுகின்றனர்.

சோனியாவை உணவு மறுப்பு நோயுற்றவள் என்று எளிதில் வகைப்படுத்த இயலாது. அந்நோயில் எடை கூடிவிடும் என்னும் அச்சம் நோயுற்றவரின் உள்ளத்திலேயே வேரூன்றியிருக்கும். இங்கு அவ்வச்சம் வேறொருவனுடையது. அவள் அதை ஏற்றுச் சுமக்கின்றாள். சுமக்கச் சுமக்க அது அவளுடையதாகவே ஆகிவிடுமோ என்னும் ஐயத்தைப் படம் இறுதிவரை நிலைநிறுத்துகின்றது.

கட்டுப்படுத்தும் உறவு

படத்தில் அடி உதை மிகக் குறைவு. ஆயினும் சோனியாவின் வாழ்க்கை முழுவதும் வேறொருவன் கைக்கு மாறிவிடுகின்றது. இத்தகைய நிலையைச் சமூகவியலாளர் எவன் இசுடார்க் 2007 இல் வெளியிட்ட நூலில் "வற்புறுத்தும் கட்டுப்பாடு" என்னும் கருத்தாக்கத்தின் கீழ் விரிவாக ஆராய்ந்தார். தனிமைப்படுத்துதல், அன்றாடச் செயல்களைக் கண்காணித்தல், சிறு விதிகளை விதித்தல், இழிவுபடுத்துதலையும் அன்பையும் மாற்றி மாற்றிக் காட்டுதல் ஆகியன இதன் கூறுகள். தனித்தனியாக நோக்கினால் ஒவ்வொன்றும் சிறியதாகவே தோன்றும். அவற்றின் தொகுப்பே ஒருவரின் விடுதலையைப் பறிக்கின்றது. நகரிலிருந்து குன்றுக்கு இடம்பெயர்தல், எடைக்கருவி, உணவுத் தட்டு, பிறகு வரும் கனிவு எனப் படத்தின் நிகழ்வுகள் இவ்வரிசையிலேயே அமைந்துள்ளன.

சோனியா ஒவ்வொரு படியிலும் இசைகின்றாள் என்பதே படத்தின் கடினமான பகுதி. அவளை யாரும் முதல் நாளிலேயே பூட்டி வைக்கவில்லை. காதலுக்காகச் சிறிது விட்டுக்கொடுப்பது எல்லா உறவுகளிலும் உள்ளது. அந்த விட்டுக்கொடுத்தல் எந்த இடத்தில் அடிமைத்தனமாக மாறுகின்றது என்பதற்குப் படம் கோடு கிழித்துக் காட்டவில்லை. அடுத்த படிக்கு இசைவு கேட்கப்படும்போது, முந்தைய படியின் பட்டினியும் தனிமையும் அவளது தீர்மானிக்கும் ஆற்றலை ஏற்கெனவே குறைத்துவிட்டிருக்கின்றன.

சட்டத்துக்கும் இக்கேள்வி எளிதாக இருந்ததில்லை. ஒருவரை முழுமையாகத் தன் ஆதிக்கத்துக்கு உட்படுத்துவதைப் "பிளாஜோ" என்னும் குற்றமாக இத்தாலியத் தண்டனைச் சட்டத்தின் 603 ஆவது பிரிவு வரையறுத்திருந்தது. 1968 இல் எழுத்தாளர் ஆல்தோ பிராய்பந்தி மீது இப்பிரிவு பயன்படுத்தப்பட்டது பெரும் எதிர்ப்பைத் தோற்றுவித்தது. ஒருபால் உறவு காரணமாகவே அவர் தண்டிக்கப்பட்டார் எனப் பலர் கருதினர். வரையறை தெளிவற்றது என்னும் காரணத்தால் 1981 இல் இத்தாலிய அரசியலமைப்பு நீதிமன்றம் இப்பிரிவை நீக்கியது. பின்னர் 2009 இல் விடாது பின்தொடர்ந்து தொல்லை தருதல் அந்நாட்டில் தனிக் குற்றமாக்கப்பட்டது. இங்கிலாந்திலும் வேல்சிலும் நெருங்கிய உறவுகளில் நிகழும் வற்புறுத்தும் கட்டுப்பாட்டை 2015 ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கி, ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்கு வழிவகுத்தது.

உணவு மறுப்பு குறித்தும் இத்தாலியில் பொது விவாதம் வளர்ந்தது. 2006 திசம்பரில் இத்தாலிய அரசும் ஆடை அலங்காரத் துறை அமைப்புகளும் மிக மெலிந்த உருமாதிரிகளைப் பயன்படுத்துவதற்கு எதிரான அறிக்கையில் கையொப்பமிட்டன. மார்ச்சு 15 ஆம் நாள் உணவுசார் கோளாறுகள் பற்றிய விழிப்புணர்வு நாளாக அந்நாட்டில் கடைப்பிடிக்கப்படுகின்றது.

ஒப்பிடத்தக்க படைப்புகள்

ஆண் தன் கற்பனைக்கு ஏற்பப் பெண்ணை வடிப்பது மேலை இலக்கியத்தில் பழைமையான கருப்பொருள். தான் செதுக்கிய சிலை மீது காதல் கொள்ளும் பிக்மேலியனின் கதை உரோமைக் கவிஞர் ஓவிதின் "மெட்டமோர்போசிசு" நூலில் இடம்பெற்றுள்ளது. அக்கதையில் சிலை பெண்ணாகின்றது. பிரிமோ அமோரேயில் பெண் சிலையாக்கப்படுகின்றாள். ஆல்பிரட் இச்சுகாக்கின் "வெர்டிகோ" (1958) படத்தில், இறந்ததாகக் கருதும் பெண்ணின் தோற்றத்தை நாயகன் மற்றொரு பெண் மீது ஆடை, கூந்தல் வழியாகத் திணிக்கின்றான். சவேரியோ கொசுத்தான்சோவின் "அங்ரி ஆர்ட்சு" (2014) படத்தில், தாயின் உணவுக் கட்டுப்பாட்டால் குழந்தையின் வளர்ச்சி பாதிக்கப்படுகின்றது. அதில் நடித்த ஆடம் டிரைவர், ஆல்பா ரோர்வாக்கர் ஆகிய இருவரும் வெனிசு விழாவில் நடிப்புக்கான விருதுகளைப் பெற்றனர்.

கர்ரோனேயின் சொந்தப் படைப்புகளிலும் இதன் சாயல் தொடர்கின்றது. "லிம்பால்சமத்தோரே", "டாக்மேன்" (2018) ஆகிய இரண்டும் உண்மைக் குற்றச் செய்திகளிலிருந்து பிறந்தவை. முன்னதன் நாயகன் இறந்த விலங்குகளைப் பதப்படுத்துபவன். பின்னதன் நாயகன் நாய்களைப் பராமரிப்பவன். மூன்று படங்களிலும் கைத்தொழில் ஒன்றில் தேர்ந்த தனிமையான மனிதனும், ஒருவரை ஒருவர் ஆட்டிப்படைக்கும் உறவும் இடம்பெறுகின்றன.

விருதுகள்

வெள்ளிக் கரடி, சிறந்த திரையிசை – பாண்டா ஒசிரிஸ் (பெர்லின் திரைப்பட விழா, 2004)
தாவீத் தி தொனத்தெல்லோ, சிறந்த இசை – பாண்டா ஒசிரிஸ் (2004)

அவ்வாண்டு பெர்லின் விழாவின் தங்கக் கரடி விருதை ஃபத்தி அக்கின் இயக்கிய "எட்-ஆன்" திரைப்படம் வென்றது.

பின்னர்

இப்படத்துக்குப் பின் நான்கு ஆண்டுகள் கழித்து, நேப்பிள்சுப் பகுதியின் குற்றக் கும்பல்களைப் பற்றிக் கர்ரோனே இயக்கிய "கொமோர்ரா" (2008) கான் விழாவில் கிரான் பிரீ விருதைப் பெற்று அவரை உலகெங்கும் அறிமுகப்படுத்தியது. "ரியாலிட்டி" (2012) படத்துக்கு அதே விருது மீண்டும் கிடைத்தது. ஆப்பிரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குப் புறப்படும் இரு இளைஞர்களைப் பற்றிய "இயோ கப்பித்தானோ" (2023) வெனிசு விழாவில் சிறந்த இயக்குநருக்கான வெள்ளிச் சிங்கம் விருதைப் பெற்றது. இப்படங்களின் புகழால் பிரிமோ அமோரே ஓரளவு மறைக்கப்பட்டிருந்தாலும், உறவுக்குள் நிகழும் கட்டுப்பாட்டைச் சட்டங்களும் பொது விவாதங்களும் பரவலாகப் பேசத் தொடங்குவதற்கு முன்பே அதைத் திரையில் விரிவாகக் காட்டிய படங்களுள் இதுவும் ஒன்று.